சளியா, ஃப்ளூவா: எந்த நேரத்தில் எந்த முடிவு

ஜலதோஷத்துக்கு மருந்து சாப்பிட்டால் ஒரு வாரத்தில் போகும், சாப்பிடாவிட்டால் ஏழு நாளில் போகும் என்று நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. சாதாரணச் சளியைப் பொறுத்தவரை இது மருத்துவ உண்மைக்கு மிக அருகில் நிற்கும் பேச்சுதான். இன்ஃப்ளூயன்சா எனப்படும் ஃப்ளூ காய்ச்சலுக்கும் இதையே பொருத்திப் பார்க்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. 'சளிக்காய்ச்சல்' என்ற ஒரே சொல்லில் இரண்டு நோய்களையும் அடக்கிப் பேசிப் பழகிவிட்டதால், சளியின் விஷயத்தில் நியாயமான பொறுமை, ஃப்ளூவின் விஷயத்தில் மருந்துக்குரிய நேரத்தைத் தவறவிடும் தாமதமாகிவிடுகிறது.

உடம்பு சரியில்லாமல் போகும்போது ஒருவர் முன் இருப்பவை சில தெரிவுகளே. வீட்டிலேயே ஓய்வெடுத்துக் காத்திருக்கலாம், பரிசோதனை செய்துகொள்ளலாம், மருத்துவரைப் பார்த்து வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்கலாம், தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லலாம். நோய் வருவதற்கு முன்பே எடுக்க வேண்டிய முடிவுகள் வேறு: தடுப்பூசி, முகக்கவசம், கை கழுவுதல், சத்து மாத்திரைகள் ஆகியவற்றில் எதற்கு எவ்வளவு இடம் தருவது என்பது. இவற்றை ஒப்பிட்டுப் பார்க்கும்போது, நோயின் பெயரைத் துல்லியமாகக் கண்டுபிடிப்பதைவிட இரண்டு கேள்விகளுக்கு விடை தேடுவதே அதிகம் உதவும் என்பது என் கருத்து: நோய் யாருக்கு வந்திருக்கிறது, அது எத்தனை மணி நேரத்துக்கு முன் தொடங்கியது?

காரணம் வேறு, போக்கு வேறு

சளி என்பது ஒரே நோயின் பெயர் அல்ல. இருநூறுக்கும் மேற்பட்ட வைரஸ்கள் மூக்கிலும் தொண்டையிலும் உண்டாக்கும், ஏறத்தாழ ஒரே மாதிரியான தொல்லைகளின் பொதுப்பெயர் அது. அந்த வைரஸ்களுள் முதலிடம் ரைனோவைரஸ்களுக்கு. இவற்றில் மட்டும் 160க்கும் மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன. உடலின் உட்பகுதியைவிடச் சற்றே குளிர்ந்திருக்கும் மூக்கின் உட்புறத்தில், ஏறத்தாழ 33 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், இவை நன்றாகப் பெருகுகின்றன. சளி பெரும்பாலும் மூக்கோடும் தொண்டையோடும் நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். சாதாரணக் கொரோனா வைரஸ்கள் நான்கு, அடினோ வைரஸ்கள், ஆர்எஸ்வி என்னும் சுவாசப்பாதை வைரஸ், பாரா இன்ஃப்ளூயன்சா வைரஸ்கள் ஆகியவை மற்ற காரணிகள். பெயரில் இன்ஃப்ளூயன்சா இருந்தாலும் பாரா இன்ஃப்ளூயன்சா வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. ஃப்ளூ தடுப்பூசி அதைத் தடுப்பதில்லை. பெரியவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையும், சிறு குழந்தைகளுக்கு ஆறு முதல் எட்டு முறையும் சளி பிடிப்பது இயல்பு. எனவே, அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தையை நோய் எதிர்ப்பாற்றல் குறைந்த குழந்தை என்று பெற்றோர் கவலைப்பட வேண்டியதில்லை.

ஃப்ளூவுக்குக் காரணமானவை இன்ஃப்ளூயன்சா வைரஸ்கள் மட்டுமே. அவற்றில் ஆண்டுதோறும் மனிதர்களிடம் பருவகால அலைகளாகப் பரவுபவை ஏ, பி என்ற இரண்டு வகைகள். ஏ வகையில் எச்1என்1, எச்3என்2 என்ற இரண்டு உட்பிரிவுகள் இன்று நம்மிடையே சுற்றிக்கொண்டிருக்கின்றன. இந்த எழுத்துகளும் எண்களும் வைரஸின் மேற்பரப்பிலுள்ள இரண்டு புரதங்களைக் குறிப்பவை. ஒன்று செல்லைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைய உதவுகிறது, மற்றொன்று பெருகிய புதிய வைரஸ்கள் செல்லிலிருந்து விடுபட்டு வெளியேற உதவுகிறது. இந்தப் புரதங்கள் ஆண்டுக்காண்டு சிறிது சிறிதாக மாறிக்கொண்டே இருப்பதால்தான், போன ஆண்டு ஃப்ளூ வந்தவருக்கு இந்த ஆண்டும் வருகிறது. எப்போதாவது பறவை, பன்றி முதலியவற்றின் வைரஸ்களோடு கலந்து முற்றிலும் புதிய உருவம் தோன்றினால், அது உலகப் பரவலாகக் கூடும். 1918, 1957, 1968, 2009 ஆகிய ஆண்டுகளில் அப்படி நேர்ந்தது. 1918இல் தொடங்கிய பரவலில் உலக மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் நோயுற்றனர் என்றும், குறைந்தது 5 கோடிப் பேர் இறந்தனர் என்றும் மதிப்பிடப்படுகிறது.

இரண்டு நோய்களையும் ஆராய்ந்த ஒரே மனிதரின் அனுபவம் இந்த வேறுபாட்டை நன்கு உணர்த்தும். 1933இல் லண்டனில் வில்சன் ஸ்மித், பேட்ரிக் லெய்ட்லா ஆகியோருடன் சேர்ந்து மனித இன்ஃப்ளூயன்சா வைரஸை முதன்முதலில் பிரித்தெடுத்தவர் கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ். அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் ஃப்ளூவுக்குத் தடுப்பூசி பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. அதே ஆண்ட்ரூஸ் முன்னின்று, 1946இல் இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் சளிக்கென்று ஒரு தனி ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. தாமாக முன்வந்த ஆயிரக்கணக்கானோர் அங்கே தங்கி, மூக்கில் வைரஸ் கலந்த துளிகளை ஏற்றுக்கொண்டனர். 1990இல் அது மூடப்பட்டபோது சளியைப் பற்றி எவ்வளவோ தெரிந்திருந்தது. ஆனால் சளிக்கு ஒரு தடுப்பூசியோ தீர்க்கும் மருந்தோ கிடைக்கவில்லை. எதிரி ஒன்றிரண்டாக இருந்தால் அதற்கேற்ப ஊசி தயாரிக்கலாம். ஒன்றையொன்று ஒத்திராத நூற்றுக்கணக்கான வைரஸ்களுக்கு எப்படித் தயாரிப்பது? ஃப்ளூவுக்குத் தடுப்பூசியும் மருந்தும் உண்டு, சளிக்கு இரண்டும் இல்லை என்ற இந்த ஒரு வேறுபாடுதான், இரண்டையும் பிரித்தறிய நாம் முயல்வதற்கு முக்கியக் காரணம்.

தொடங்கும் விதத்தைக் கவனியுங்கள்

அறிகுறிகளை வரிசையாக எழுதி ஒப்பிட்டால் இரண்டு நோய்களும் பெருமளவு ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடும். இருமல் இரண்டிலும் உண்டு, தொண்டை வலி இரண்டிலும் உண்டு, மூக்கொழுகலும் இரண்டிலும் வரலாம். ஆகவே, என்னென்ன இருக்கிறது என்பதைவிட, எப்படித் தொடங்கியது என்பதையே நான் முதலில் கேட்பேன்.

சளி படிப்படியாக வரும். முதல் நாள் தொண்டையில் ஒரு கரகரப்பு, அன்று மாலையோ மறுநாளோ தும்மல், பிறகு தண்ணீராக ஒழுகும் மூக்கு, மூன்றாம் நாளுக்குள் மூக்கடைப்பு என்று அது நகரும். இரண்டு மூன்று நாட்களில் உச்சத்தைத் தொட்டு, ஏழு முதல் பத்து நாட்களுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். இருமல் மட்டும் இன்னும் சில நாட்கள் நீடிக்கலாம். பெரியவர்களுக்குக் காய்ச்சல் அரிதாகவே இருக்கும், இருந்தாலும் லேசாக இருக்கும். மூக்குச்சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுவது வெள்ளையணுக்கள் போராடுவதன் விளைவு. அந்த நிறத்தைப் பார்த்து ஆன்டிபயாடிக் கேட்பது பரவலாக இருக்கும் தவறு; நிறம் மட்டுமே பாக்டீரியா தொற்றுக்கு அடையாளம் ஆகாது.

ஃப்ளூ அப்படி நகர்ந்து வருவதில்லை. பலரால் அது தொடங்கிய நேரத்தையே சொல்ல முடியும்: காலையில் நன்றாக இருந்தேன், மதியத்துக்கு மேல் குளிர் நடுக்கம் எடுத்தது, மாலைக்குள் எழுந்திருக்க முடியவில்லை என்பார்கள். 38 டிகிரிக்கு மேல், சில சமயம் 39, 40 வரை ஏறும் காய்ச்சல், கடுமையான தலைவலி, முதுகும் கைகால்களும் அடித்துப் போட்டாற்போன்ற வலி, கண்ணைத் திறக்கவும் தோன்றாத அசதி, வறட்டு இருமல் ஆகியவை ஒருசேர வந்து விழுகின்றன. காய்ச்சல் பொதுவாக மூன்று நான்கு நாட்கள் இருக்கும். அசதியும் இருமலும் இரண்டு வாரமோ அதற்கு மேலோ தொடர்வது வியப்பல்ல. சளி பிடித்தவர் முணுமுணுத்துக்கொண்டே வேலைக்குப் போய்விடுவார்; ஃப்ளூ வந்தவரால் பெரும்பாலும் அது முடியாது. திடீர்த் தொடக்கம், காய்ச்சல், இருமல் ஆகிய மூன்றும் சேர்ந்திருந்து, அந்த நாட்களில் சுற்றுவட்டாரத்திலும் ஃப்ளூ பரவிக்கொண்டிருந்தால், பரிசோதனை இல்லாமலே ஃப்ளூ என்று கருதிச் செயல்படுவது நியாயமானது.

இங்கே பருவத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மிதவெப்ப நாடுகளில் ஃப்ளூ குளிர்காலத்தில் அலையாக எழுந்து அடங்கும். வெப்ப மண்டலத்தில் ஆண்டு முழுவதும் ஓரளவு இருந்துகொண்டே, பல இடங்களில் மழைக்காலத்தில் அதிகரிக்கும். ரைனோவைரஸ்களோ எந்த மாதத்திலும் இருக்கக்கூடியவை.

அறிகுறிகள் கைவிடும் இடங்கள்

மேலே சொன்ன படம் நடுத்தர வயதுள்ள, வேறு நோய் இல்லாத ஒருவருக்குப் பொருந்தும். நாம் அதிகம் கவலைப்பட வேண்டியவர்களிடம்தான் அது பொருந்தாமல் போகிறது. முதியவர்களுக்கு ஃப்ளூ வரும்போது காய்ச்சலே இல்லாமல் இருக்கலாம். பசியின்மை, தள்ளாட்டம், திடீரென்று வரும் மனக்குழப்பம் ஆகியவை மட்டுமே அடையாளமாக இருக்கலாம். "காய்ச்சல் இல்லையே, வெறும் சளிதான்" என்று வீட்டார் ஆறுதல் அடைவது இந்த வயதினரிடம் ஆபத்தானது. சிறு குழந்தைகளிடம் இதற்கு நேர்மாறான குழப்பம் உண்டு: சாதாரணச் சளியிலேயே அவர்களுக்கு நல்ல காய்ச்சல் அடிக்கலாம், ஃப்ளூவிலோ வாந்தியும் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டு வயிற்றுக் கோளாறு போலத் தோன்றலாம். தடுப்பூசி போட்டுக்கொண்டவருக்கு வரும் ஃப்ளூ லேசாக இருந்து, சளியைப் போலவே கடந்துபோகவும் கூடும்.

கோவிட்-19 வந்த பிறகு அறிகுறிகளை மட்டும் வைத்துச் சொல்வது இன்னும் கடினமாகிவிட்டது. அதையும் ஃப்ளூவையும் பரிசோதனை இல்லாமல் உறுதியாகப் பிரிக்க முடியாது. கொசுக்களால் பரவும் டெங்கு போன்ற காய்ச்சல்கள் உள்ள இடங்களில் இன்னொரு எச்சரிக்கையும் தேவை. கடும் காய்ச்சலும் உடல்வலியும் இருந்து, இருமலோ மூக்கொழுகலோ தொண்டை வலியோ எதுவும் இல்லாவிட்டால், அதை ஃப்ளூ என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அத்தகைய சந்தேகம் இருக்கும்போது ஆஸ்பிரின், இபுபுரூஃபென் ஆகியவற்றைத் தவிர்த்து, பாராசிட்டமால் மட்டுமே எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பார்ப்பது பாதுகாப்பானது. டெங்குவில் அவை ரத்தக்கசிவை அதிகப்படுத்தக் கூடும்.

பரிசோதனைகளிலும் இரண்டு தெரிவுகள் உள்ளன. சில நிமிடங்களில் முடிவு தரும் துரிதப் பரிசோதனை 'ஃப்ளூ' என்று சொன்னால் பெரும்பாலும் நம்பலாம். 'இல்லை' என்று சொன்னால் நம்புவதற்கில்லை. அதன் கண்டறியும் திறன் 50 முதல் 70 விழுக்காடு அளவிலேயே இருப்பதால், ஃப்ளூ உள்ளவர்களில் கணிசமானோரை அது தவறவிடுகிறது. வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் பிசிஆர் வகைப் பரிசோதனை மிகத் துல்லியமானது. நேரமும் செலவும் கூடுதல். ஆரோக்கியமான இளைஞருக்கு முடிவு எதுவாக இருந்தாலும் செய்யப்போவது ஓய்வுதான் என்றால், பரிசோதனை அவசியமில்லை. ஆபத்துக் கூடியவர்களுக்கோ, பரிசோதனை முடிவு வரும்வரை மருந்தை நிறுத்தி வைப்பது சரியல்ல. பரிசோதனை உண்மையில் பயன்படுவது, முடிவைப் பொறுத்துச் சிகிச்சை மாறும் இடங்களில்: மருத்துவமனையில் சேர்க்கப்படுபவர், கோவிட் மருந்தா ஃப்ளூ மருந்தா என்று தீர்மானிக்க வேண்டியவர், முதியோர் இல்லத்தில் அடுத்தடுத்து நோயுறுபவர்கள் போன்றோருக்கு.

காத்திருப்பதா, மருந்தா

வைரஸ் எதிர்ப்பு மருந்துகளில் அதிகம் பயன்படுவது ஓசெல்டாமிவிர். 1999 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. பெருகிய வைரஸ்கள் செல்லைவிட்டு வெளியேற உதவும் புரதத்தை அது முடக்குகிறது. பெரியவர்களுக்கு வழக்கமாக 75 மில்லிகிராம் வீதம், நாளுக்கு இரண்டு வேளை, ஐந்து நாட்கள் தரப்படுகிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவு குறைக்கப்பட வேண்டும். மூச்சில் இழுக்கும் சானமிவிர், ஒரே வேளையில் முடியும் பலோக்சாவிர் ஆகியவையும் உள்ளன. இந்த மருந்துகளின் இயல்பே, வைரஸ் பெருகிக்கொண்டிருக்கும்போது மட்டும் பயன் தருவதுதான். அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் பலன் அதிகம்; நாள் செல்லச் செல்லப் பலன் குறையும். தொடங்கிய நேரத்தைக் குறித்து வையுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஆரோக்கியமானவர்களுக்கு இந்த மருந்து தரும் நன்மையை மிகைப்படுத்தவும் கூடாது. நோய் நீடிக்கும் காலம் ஏறத்தாழ ஒரு நாள் குறையும். பதிலுக்குச் சிலருக்குக் குமட்டலும் வாந்தியும் வரும். ஒருவர் இதை வேண்டாம் என்று முடிவெடுத்தால் அதில் தவறில்லை. ஆனால் 65 வயதைக் கடந்தவர்கள், ஐந்து வயதுக்குட்பட்ட, குறிப்பாக இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள், கருவுற்றவர்கள், பிரசவமாகி இரண்டு வாரங்களுக்குள் இருப்பவர்கள், ஆஸ்துமா, இதய நோய், நீரிழிவு, சிறுநீரக நோய் உள்ளவர்கள், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகள் எடுத்துக்கொள்பவர்கள் ஆகியோர் விஷயத்தில் கணக்கு மாறிவிடுகிறது. இவர்களுக்கு நிமோனியாவும் இறப்பும் நேரக்கூடிய வாய்ப்பு அதிகம் என்பதால், ஃப்ளூ என்று சந்தேகம் எழுந்த அன்றே மருத்துவரை அணுக வேண்டும். "இரண்டு நாள் பார்ப்போம்" என்று இவர்களிடம் சொல்வது, மருந்து வேலை செய்யக்கூடிய அந்த இரண்டு நாட்களையே பறித்துவிடுகிறது. 48 மணி நேரம் கடந்துவிட்டாலும், நோய் கடுமையாக இருந்தால் மருத்துவர்கள் மருந்தைத் தொடங்குவார்கள். தாமதமாகிவிட்டதே என்று போகாமல் இருந்துவிடக் கூடாது.

ஃப்ளூ நுரையீரலோடு நிற்கும் நோய் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 2018இல் வெளியான ஒரு கனடிய ஆய்வில், ஆய்வகத்தில் ஃப்ளூ உறுதியான பிறகு வரும் முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு, அதே நபர்களின் மற்ற நாட்களோடு ஒப்பிட ஏறத்தாழ ஆறு மடங்கு உயர்ந்திருந்தது. இதய நோயாளிகளிடம் ஃப்ளூவைச் சளியாகக் கருதிவிடக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

வீட்டில் இருப்பது என்று முடிவெடுத்தவர்களுக்கு வேண்டியவை ஓய்வு, போதுமான நீர், காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால். குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் ஆஸ்பிரின் தரவே கூடாது. வைரஸ் காய்ச்சலின்போது அது ரேயின் நோய்க்குறி என்ற, கல்லீரலையும் மூளையையும் தாக்கும் அரிய, ஆனால் கொடிய நிலைக்கு வழிவகுக்கலாம். சளி மருந்துக் கலவைகள் பலவற்றில் பாராசிட்டமாலும் கலந்திருப்பதால், தனி மாத்திரையையும் சேர்த்து விழுங்கி அளவு மீறிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூக்கடைப்பு நீக்கும் சொட்டு மருந்தைச் சில நாட்களுக்கு மேல் தொடர்ந்தால் அடைப்பு முன்பைவிட மோசமாகத் திரும்பும். ஒரு வயதைக் கடந்த குழந்தைகளின் இருமலுக்குத் தேன் ஓரளவு உதவும். ஒரு வயதுக்குட்பட்டவர்களுக்குத் தேன் நஞ்சாகும் அபாயம் உண்டு. ஆன்டிபயாடிக் இந்த இரண்டு நோய்களில் எதற்கும் பயன்படாது.

காத்திருத்தல் முடிவுக்கு வர வேண்டிய தருணங்கள் உண்டு. மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, மனக்குழப்பம், விழிக்கச் செய்ய முடியாத மயக்கநிலை, சிறுநீர் கழியாமை ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குழந்தைகளிடம் வேகமான மூச்சு, மூச்சிழுக்கும்போது விலா எலும்புகள் உள்வாங்குதல், உதடு நீலமாதல், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காமை, அழும்போது கண்ணீர் வராமை, வலிப்பு ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு எந்தக் காய்ச்சலாக இருந்தாலும் அன்றே காட்ட வேண்டும். இவற்றைவிட எளிதில் தவறவிடப்படும் அறிகுறி ஒன்று உண்டு. ஃப்ளூ குறைந்து, ஆள் தேறிவிட்டார் என்று நினைத்த பிறகு, காய்ச்சலும் இருமலும் மீண்டும் கடுமையாகத் திரும்பினால், வைரஸ் புண்படுத்திய நுரையீரலில் பாக்டீரியா நுழைந்திருக்கலாம். 1918இல் இறந்தவர்களில் பெரும்பாலோர் இத்தகைய பாக்டீரியா நிமோனியாவால்தான் இறந்தனர் என்று பிற்கால ஆய்வுகள் காட்டுகின்றன. அன்று ஆன்டிபயாடிக் இல்லை. இன்று இருக்கிறது, அதற்குரிய இடமும் இதுதான்.

வருவதற்கு முன்: எதற்கு முதலிடம்

தடுப்பூசியை எதிர்ப்பவர்கள் சொல்லும் முதல் வாதம், போட்டுக்கொண்டாலும் ஃப்ளூ வருகிறது என்பது. வாதம் பொய்யல்ல. பரவும் வைரஸோடு தடுப்பூசி நன்கு பொருந்தும் ஆண்டுகளில், மருத்துவரை நாடச் செய்யும் அளவுக்கு ஃப்ளூ வரும் வாய்ப்பை அது 40 முதல் 60 விழுக்காடு குறைக்கிறது. பொருந்தாத ஆண்டுகளில் இன்னும் குறைவு. உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை கூடி, வட அரைக்கோளத்துக்குப் பிப்ரவரியிலும் தென் அரைக்கோளத்துக்குச் செப்டம்பரிலும், எந்த வைரஸ்களைச் சேர்ப்பது என்று பரிந்துரைக்கிறது. ஊசி தயாராவதற்குப் பல மாதங்கள் ஆகும், அதற்குள் வைரஸ் மாறிவிடலாம். இந்தக் குறையை மறைக்காமல் ஏற்றுக்கொண்ட பிறகும், என் ஒப்பீட்டில் தடுப்பூசிக்கே முதலிடம். நோய் வந்தாலும் அது கடுமையாகாமல், மருத்துவமனை வரை போகாமல் தடுப்பதில் அதற்குள்ள பங்கு, வேறு எந்தத் தெரிவுக்கும் இல்லை. உலகில் ஆண்டுதோறும் 30 முதல் 50 லட்சம் பேர் ஃப்ளூவால் கடுமையாக நோயுறுகிறார்கள், 2,90,000 முதல் 6,50,000 பேர் வரை அதன் சுவாசக் கோளாறுகளால் இறக்கிறார்கள் என்ற அந்நிறுவனத்தின் மதிப்பீட்டை நினைத்தால், பாதியளவு பாதுகாப்பும் பெரிய பாதுகாப்பே.

ஊசி போட்டதாலேயே ஃப்ளூ வந்தது என்ற நம்பிக்கையும் பரவலாக உண்டு. ஊசியாகப் போடப்படுபவற்றில் உயிருள்ள வைரஸ் இல்லை. அவற்றால் ஃப்ளூ வர முடியாது. ஓரிரு நாட்கள் கைவலி, லேசான காய்ச்சல், உடல்வலி வருவது எதிர்ப்பாற்றல் உருவாவதன் அடையாளம். பாதுகாப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும் என்பதால் அந்த இடைவெளியில் தொற்றிக்கொண்டவர்களும், வேறு சளி வைரஸால் அவதிப்பட்டவர்களும் ஊசியின்மேல் பழியைப் போடுவது இயல்பாக நடக்கிறது. நரம்புகளைப் பாதிக்கும் கில்லன் பாரே நோய்க்குறி, பத்து லட்சம் ஊசிகளுக்கு ஒன்றிரண்டு பேருக்குக் கூடுதலாக வரலாம் என்று ஆய்வுகள் கூறுகின்றன. முன்பு அந்த நோய் வந்தவர்களும், முந்தைய ஃப்ளூ ஊசிக்குக் கடும் ஒவ்வாமை கண்டவர்களும் மருத்துவரோடு பேசி முடிவெடுக்க வேண்டும்.

ஊசிகளுக்குள்ளும் தேர்வு உண்டு. பெரும்பாலோருக்கு வழக்கமான செயலிழந்த வைரஸ் ஊசியே போதும். 65 வயதைக் கடந்தவர்களின் எதிர்ப்பாற்றல் ஊசிக்கு மந்தமாகவே பதிலளிக்கும் என்பதால், அவர்களுக்கென்று வழக்கமானதைப் போல நான்கு மடங்கு மருந்துப்பொருள் கொண்ட உயர் அளவு ஊசியும், எதிர்ப்பாற்றலைத் தூண்டும் துணைப்பொருள் சேர்த்த ஊசியும் உள்ளன. கிடைக்குமிடத்தில் அவற்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கிடைக்கவில்லையென்று போட்டுக்கொள்ளாமல் இருப்பதைவிட, வழக்கமான ஊசியைப் போட்டுக்கொள்வது எவ்வளவோ மேல். மூக்கில் தெளிக்கும் தடுப்பு மருந்தில் வலுவிழந்த, ஆனால் உயிருள்ள வைரஸ் இருக்கிறது. ஊசிக்கு அஞ்சும் குழந்தைகளுக்கு அது வசதி, கருவுற்றவர்களுக்கும் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கும் பொருந்தாது. ஊசிகள் பல கோழிமுட்டையைக் கொண்டு தயாராவதால், முட்டை ஒவ்வாமை ஒரு தடையாகக் கருதப்பட்ட காலம் போய்விட்டது. முட்டையை அறவே தவிர்க்க விரும்புவோருக்கு, முட்டையின்றிச் செல்களில் தயாராகும் வகைகளும் உண்டு. முன்பு ஏ வகை இரண்டு, பி வகை இரண்டு என்று நான்கு வைரஸ்களைக் கொண்ட ஊசிகள் பரவலாக இருந்தன. பி வகையில் யமகாட்டா என்ற பிரிவு 2020 மார்ச்சுக்குப் பிறகு எங்கும் உறுதியாகக் கண்டறியப்படாததால், மூன்று வைரஸ் ஊசிக்கே பல நாடுகள் திரும்பிவிட்டன. எனவே, மூன்றா நான்கா என்று பார்த்துத் தயங்க வேண்டியதில்லை.

முகக்கவசம், காற்றோட்டம், தள்ளியிருத்தல் ஆகியவற்றின் வலிமையைக் கோவிட் ஆண்டுகள் எதிர்பாராத வகையில் காட்டின. 2020, 2021இல் உலகெங்கும் ஃப்ளூ காணாமல் போனது போல ஒடுங்கியது. ஆனால் ரைனோவைரஸ்கள் அதே காலத்திலும் ஓயாமல் பரவின. பயணத் தடைகளும் பள்ளி மூடல்களும் சேர்ந்த விளைவு அது என்பதால் முகக்கவசத்துக்கு மட்டும் பெருமை சேர்க்க முடியாது. என்றாலும், ஃப்ளூவை இத்தகைய நடவடிக்கைகளால் அடக்க முடியும், சளியை அவ்வளவு எளிதில் அடக்க முடியாது என்பது தெளிவாகத் தெரிந்தது.

இந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணம் வைரஸின் அமைப்பிலேயே இருக்கலாம். ஃப்ளூ வைரஸைச் சுற்றிக் கொழுப்பாலான உறை ஒன்று உண்டு; சோப்பும் ஆல்கஹாலும் அதை எளிதில் சிதைத்துவிடும். ரைனோவைரஸுக்கு அந்த உறை இல்லை. கைகளிலிருந்து மூக்குக்கும் கண்ணுக்கும் தாவும் அதன்மீது ஆல்கஹால் கலந்த கைத் திரவத்தின் வேலை அவ்வளவு உறுதியாக நடப்பதில்லை. ஆகவே, வீட்டில் யாருக்காவது சளி என்றால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு இருபது வினாடிகள் கை கழுவுவதே சிறந்தது. வெளியில் ஃப்ளூ பரவும் நாட்களில், குறைந்தது 60 விழுக்காடு ஆல்கஹால் உள்ள திரவம் போதும். கழுவாத கையால் கண்ணையும் மூக்கையும் தொடாமல் இருப்பது இரண்டுக்கும் பொதுவானது. ஃப்ளூ, காற்றில் மிதக்கும் நுண்துளிகள் வழியாகவும் பரவுவதால், கை கழுவுதல் மட்டும் அதற்குப் போதாது. நெரிசலான மூடிய அறைகளில் சன்னலைத் திறப்பதும் முகக்கவசம் அணிவதும் சேர வேண்டும்.

சத்து மாத்திரைகளுக்கு என் வரிசையில் கடைசி இடம்தான். வேதியியல் அறிஞர் லைனஸ் பாலிங் 1970இல் எழுதிப் புகழ்பெறச் செய்த வைட்டமின் சி, நாள்தோறும் எடுத்துக்கொள்ளும் பொதுமக்களில் சளி வரும் எண்ணிக்கையைக் குறைப்பதில்லை. நீடிக்கும் காலம் பெரியவர்களிடம் ஏறத்தாழ 8 விழுக்காடு குறைகிறது, அதாவது ஒரு வாரச் சளியில் அரை நாள். சளி வந்த பிறகு எடுக்கத் தொடங்கினால் அதுவும் உறுதியில்லை. ஃப்ளூவுக்கு இவற்றை நம்பித் தடுப்பூசியைத் தவிர்ப்பது, கதவைத் திறந்துவிட்டுச் சன்னலுக்குத் திரை போடுவதைப் போன்றது.

தடுப்பூசியின் காலத்தையும் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். பாதுகாப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும், பின்னர் மாதங்கள் செல்லச் செல்லக் குறையும் என்பதால், வாழுமிடத்தில் அலை எழும் காலத்துக்குச் சில வாரங்கள் முன்பு போட்டுக்கொள்வது பொருத்தம். ஆறு மாதம் முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு முதல்முறை போடும்போது நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை தேவைப்படும் என்பதால், அவர்களுக்கு இன்னும் முன்னதாகவே தொடங்க வேண்டும். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போட முடியாது. ஆபத்து மிகுந்த அந்த மாதங்களில் குழந்தையைக் காப்பது தாய் கருவுற்றிருக்கும்போது போட்டுக்கொண்ட ஊசியிலிருந்து நஞ்சுக்கொடி வழியே வந்து சேரும் எதிர்ப்பொருள்களும், அதைத் தூக்கிக் கொஞ்சும் மற்றவர்கள் போட்டுக்கொண்ட ஊசியுமே. நோயுற்றவர் அறிகுறி தோன்றுவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே வைரஸைப் பரப்பத் தொடங்கி, பின்னர் ஐந்து முதல் ஏழு நாட்கள் வரை பரப்பக்கூடும் என்பதால், அத்தகைய குழந்தை இருக்கும் வீட்டில் ஃப்ளூ வந்தவர், காய்ச்சல் மருந்து எதுவும் எடுக்காமலே காய்ச்சலின்றி 24 மணி நேரம் கடந்த பிறகும், இன்னும் சில நாட்கள் முகக்கவசத்தோடு குழந்தையிடமிருந்து விலகியிருக்க வேண்டும்.